ஆய்வுகூடக் கருவிகளைப் பேணுவோர் தம்மைப் பேணுதல்

ஒரு காலத்திலே அளவியும் குழாயியும் தராசுமே இரசாயன ஆய்வுகூடத்தின் செல்வங்களாக இருந்தன. இன்று அந்நிலை மாறிவிட்டது. குடிநீரிற் கலந்த ஈயத்தின் நுண்ணளவைக் காட்டுவதும், குருதியிலுள்ள கலங்களை எண்ணித் தருவதும், உணவிற் படிந்த பூச்சிகொல்லியின் எச்சத்தைப் பிரித்தறிவதும் கருவிகளின் தொழிலாகிவிட்டன. அக்கருவிகளைக் கொண்டு அளக்கும் முறையைக் கற்பிக்கும் நூல்கள் பல உள. அவற்றைத் துடைத்து, திறந்து, பழுது பார்த்துப் பேணுகின்றவன் தன் உயிரையும் உறுப்பையும் பேணிக்கொள்ளும் முறையைக் கூறுவன மிகச் சில. எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் வைத்தியசாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பாடசாலைகளிலும் கருவிகளோடு பழகுகின்றவர்கள். ஆதலின் இப்பொருளையே இம்மலரில் ஒரு பாடமாக எழுத நாம் துணிந்தோம்.

உபயோகிப்போனும் பேணுவோனும்

ஒரு கருவியை உபயோகிப்போனுக்கும் அதனைப் பேணுவோனுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கருவியைச் செய்தவர்கள் உபயோகிப்போனை மனத்திற்கொண்டே அதற்கு மூடி அமைக்கின்றனர். கதவைத் திறந்தவுடன் மின்னைத் துண்டிக்கும் காப்பாளியை அமைக்கின்றனர். சூடான பகுதியை மறைத்துத் தகடு வைக்கின்றனர். பேணுவோனோ அம்மூடியைக் கழற்றுகின்றான், தகட்டை அகற்றுகின்றான், சிலவேளை சோதனையின் பொருட்டுக் காப்பாளியையும் செயலிழக்கச் செய்கின்றான். மற்றவர்களுக்குக் காவலாக நின்றவை யாவும் அவனுக்கு அக்கணமே இல்லாதொழிகின்றன. அவனுக்கு எஞ்சிய காவல் அவனுடைய அறிவும் ஒழுங்கும் மட்டுமே.

இவ்விடத்திலேதான் பொதுவான தவறொன்று நிகழ்கின்றது. ஆளியை நிறுத்திவிட்டால் கருவி ஆற்றலற்ற வெறும் பொருளாகிவிட்டது எனப் பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஆளி, புதிய ஆற்றல் உள்ளே செல்வதைத் தடுக்கின்றது. ஏற்கெனவே உள்ளே தேங்கிய ஆற்றலை வெளியேற்றுவதில்லை. குளத்தின் வாய்க்காலை அடைத்தமையாற் குளம் வற்றிவிடுவதில்லை அன்றோ? எனவே மூடியிற் கைவைப்பதற்கு முன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இக்கருவியினுள் தேங்கியிருப்பது யாது? அஃது எவ்வழியே வெளிப்படும்? அதனை எவ்வாறு வெறுமையாக்குவது? வெறுமையாயிற்று என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? இந்நான்கனையும் மனத்திற்கொண்டு, தேங்கிய ஆற்றலின் வகைகளை முறையே ஆராய்வாம்.

மின்

இலெய்டன் சாடி என்னும் மின்தேக்கும் கலம் 1745 ஆம், 1746 ஆம் ஆண்டுகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தொட்டவர்கள் பெற்ற அதிர்ச்சியினாலேயே, மின்னைத் தேக்கிவைத்தல் கூடும் என்பதை உலகம் அறிந்தது. சில ஆண்டுகளின் பின், 1753 இல், உருசிய நாட்டுச் சென்பீற்றர்சுபேக்கு நகரிலே கெயோக்கு இரிச்மன் என்னும் பேராசிரியர் இடிமுகிலின் மின்னை அளக்க முயன்றார். வீட்டுக் கூரையிலிருந்த கோலொன்றைக் கம்பிவழியே அறையிலிருந்த அளக்குங் கருவியோடு இணைத்தார். மின் மண்ணுக்கு ஓடிவிட்டால் அளக்க இயலாது. ஆதலாற் கோலும் கம்பியும் புவியோடு தொடர்பின்றிக் காவலிடப்பட்டிருந்தன. கருவியைப் பார்வையிட அவர் அணுகியபொழுது மின்னல் அவரது தலையிற் பாய்ந்தது. அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். மின் தரையை அடைவதற்கு அவருடைய உடலே வழியாயிற்று. இன்றைய கருவியின் மூன்றாவது கம்பியாகிய புவித்தொடுப்பு எதற்காக அமைந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுவதில்லை.

எமது நாட்டின் வீட்டு மின் 230 உவோற்று. ஈரமான கையுடையவனின் உடற்றடையை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்வோம். ஓமின் விதிப்படி அவனுடலிற் பாயும் ஓட்டம் 230 மில்லியம்பியர் ஆகும். ஏறக்குறைய 1 மில்லியம்பியரை உடல் உணர்கின்றது. 10 மில்லியம்பியர் அளவிலே தசைகள் இறுகிப் பிடித்ததை விட இயலாத நிலை உண்டாகின்றது. 50 முதல் 100 மில்லியம்பியர் வரையில் இதயத்தின் துடிப்பு நிலைகுலையக் கூடும். ஆனால் செருகியில் உள்ள உருகியோ 13 அம்பியரைக் கடந்த பின்னரே உருகத் தொடங்கும். எனவே உருகி கம்பியைக் காப்பது, மனிதனைக் காப்பதன்று. மனிதனைக் காக்கும் பொருட்டு அமைந்தது, மக்கள் ‘ட்ரிப் சுவிச்’ என வழங்கும் துண்டிப்பானேயாகும். அது 30 மில்லியம்பியர் அளவான கசிவிலே மின்னைத் துண்டிக்கும். ஆயினும் கருவியினுள்ளே மின்மாற்றிக்கு அப்பாலுள்ள உயரழுத்தப் பகுதியைத் தொட்டவனுக்கு அத்துண்டிப்பானும் உதவுவதில்லை. அப்பகுதியிற் பாயும் ஓட்டத்தை அஃது அறிவதில்லை.

செருகியைக் குதையிலிருந்து முற்றாகக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும். 230 உவோற்று ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கினால் அதன் உச்சம் ஏறக்குறைய 325 உவோற்று. 200 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று அவ்வழுத்தத்தில் 10 யூலுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலைத் தேக்கும். ஒரு கிலோகிராம் பொருளை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதிய அவ்வாற்றல், கணப்பொழுதில் உடலினூடே பாய்வதை எண்ணிப்பார்க்க. நிறமாலை ஒளிமானிகளின் ஒளிப்பெருக்கிக் குழாய் ஏறக்குறைய 1000 உவோற்றில் இயங்குவது. திணிவு நிறமாலைமானியிற் பல ஆயிரம் உவோற்று உண்டு. ஆதலின் செருகியைக் கழற்றி, கருவிநூல் கூறும் நேரம்வரை காத்திருந்து, காவலிட்ட பிடியுடைய தடையொன்றின் வழியே கொள்ளளவியை மின்னிறக்கி, பின்னர் மானியால் அளந்து பூச்சியம் எனக் கண்ட பின்னரே கைவைத்தல் முறை. மோதிரமும் உலோகக் கைக்கடிகாரமும் அவ்வேலையின்போது கழற்றப்பட வேண்டியவை.

வாயுவும் சுவாலையும்

உலோகங்களை நுண்ணளவில் அளப்பதற்குப் பெரிதும் பயன்படும் அணு உறிஞ்சல் நிறமாலை முறையை அவுத்திரேலிய நாட்டு மெல்பேண் நகரிலே அலன் உவால்சு என்பவர் 1955 இல் வெளியிட்டார். அக்கருவியின் உள்ளம் ஒரு சுவாலையாகும். வளியும் அசற்றலீனும் சேர்ந்த சுவாலை ஏறக்குறைய 2300 செல்சியசுப் பாகை வெப்பமுடையது. நைதரசு ஒட்சைட்டும் அசற்றலீனும் சேர்ந்தது அதனினும் வெப்பம் மிக்கது. எரியடுப்பின் வாயிலே வாயுக்கள் வெளியேறும் வேகம், சுவாலை பரவும் வேகத்தினும் குறையுமாயின் தீ உள்நோக்கிப் பாய்ந்து கலவையறையை வெடிக்கச் செய்யும். அதற்குக் காரணங்கள் பெரும்பாலும் பேணுதலிலுள்ள குறைகளே. வளிக்கு உரிய அகன்ற பிளவுடைய எரியடுப்பில் நைதரசு ஒட்சைட்டைச் செலுத்துவதும், கழிவுநீர்ப் பொறியில் நீரின்றி விடுவதும், தேய்ந்த வளையங்களை மாற்றாதிருப்பதும் அவற்றுட் சில.

அசற்றலீன் ஏனைய வாயுக்களைப் போன்றதன்று. உருளையினுள் அஃது அசற்றோனிற் கரைந்த நிலையிலே உள்ளது. ஆதலின் உருளையை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். அமுக்கம் மிகக் குறையுமுன் மாற்றுதல் வேண்டும். இன்றேல் அசற்றோனும் வாயுவோடு கருவியுட் புகும். சீராக்கிக்கு அப்பால் அசற்றலீனின் அமுக்கம், வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக மற்றுமொரு வளிமண்டல அளவைக் கடக்க விடலாகாது. அதற்கு மேல் அவ்வாயு ஒட்சிசன் இன்றியே வெடிக்க வல்லது. செம்புக் குழாயை அதற்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. செம்போடு சேர்ந்து அஃது ஆக்கும் சேர்வை ஓர் உராய்விலேயே வெடிப்பது. பழுதான குழாய்க்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட செம்புக் குழாயைப் பொருத்துவோன், தான் சிக்கனஞ் செய்ததாகவே எண்ணுவான். வெள்ளி, செம்பு, இரசம் ஆகியவற்றின் கரைசல்களை உறிஞ்சிய பின் கலவையறையை நீரினால் நன்கு கழுவுதலும் இக்காரணம் பற்றியதே.

வாயு நிறப்பகுப்புக் கருவிகளில் ஐதரசன் பயன்படுகின்றது. வளியில் அது 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தாலும் தீப்பற்றும். நிரலைக் கழற்றும்பொழுது ஐதரசனின் வழி திறந்திருப்பின், மூடிய வெப்ப அறையினுள் அது நிறைந்து, மீண்டும் சூடேற்றும் வேளையில் வெடிக்கும். முதலில் உருளையை அடைத்தல், பின்னர்க் குழாயிலுள்ள அமுக்கத்தை இறக்குதல், அதன் பின்னரே கழற்றுதல் என்னும் வரிசையை மாற்றலாகாது. வாயு கசிகின்றதா என்பதைச் சவர்க்கார நுரையினால் அறிக. தீக்குச்சியினால் அறிய முற்படற்க.

குளிரும் அமுக்கமும்

திரவ நைதரசன் −196 செல்சியசுப் பாகையிற் கொதிப்பது. ஒரு இலீற்றர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 700 இலீற்றர் வாயுவாக விரியும். சிறிய அறையொன்றில் அது சிந்தினால், மணமும் நிறமும் இன்றியே ஒட்சிசனை அகற்றி, உள்ளிருப்போனை எச்சரிக்கையின்றி மயங்கச் செய்யும். மூடிய கலத்தில் வைத்தாலோ அக்கலத்தையே பிளக்கும்.

2006 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அமெரிக்காவின் தெக்சாசு ஏ அன்ட் எம் பல்கலைக்கழக இரசாயனக் கட்டடத்திலே திரவ நைதரசன் தாங்கியொன்று வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு மேலெழுந்தது. இரவின் பிற்பகுதியில் நிகழ்ந்தமையால் எவரும் காயமுறவில்லை. காரணத்தை ஆராய்ந்தபொழுது, அத்தாங்கியின் அமுக்கத் தணிப்புச் சாதனங்கள் முன்னரே எவராலோ அகற்றப்பட்டு, அவ்விடங்களில் உலோக அடைப்புகள் பொருத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. கசிகின்ற வால்வை அடைத்தவன் தன் மனத்தில் ஒரு பழுதைத் திருத்திவிட்டதாகவே கருதியிருத்தல் வேண்டும். கசிவு நின்றது உண்மை. அதனோடு காவலும் நின்றது. ஒரு பாதுகாப்புச் சாதனம் பழுதுற்றால் அதற்கு இணையான புதியதை மாற்றுதல், அல்லது கருவியையே ஒதுக்கிவைத்தல் என இரண்டே வழிகள் உள. மூன்றாவது வழி இல்லை.

ஒளியும் கதிரும்

எக்சுக் கதிர் 1895 இற் கண்டுபிடிக்கப்பட்டது. எடிசனின் உதவியாளரான கிளாரன்சு தாலி என்பவர் அக்கதிர்க் குழாய்களைத் தம் கைகளைக் கொண்டே சோதித்துவந்தார். புண்ணும் புற்றும் தோன்றின, கைகள் துணிக்கப்பட்டன, 1904 இல் அவர் இறந்தார். கதிர் பாய்ந்தபொழுது அவர் நோவை உணரவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. தீயானது தொட்டவுடன் எச்சரிக்கின்றது; கதிரோ எச்சரிப்பதில்லை. பளிங்கமைப்பை ஆராயும் எக்சுக் கதிர்க் கருவியின் வாயில்களைச் சரிசெய்பவன், கதிர் நின்றது என்பதை விளக்கொளியின் குறியால் மட்டும் நம்பாது கதிர்மானியாலும் உறுதிசெய்தல் வேண்டும்.

கழியூதாக் கதிரை வீசும் விளக்கை வெறுங்கண்ணால் நோக்கியவனுக்கும் உடனே யாதும் தெரியாது. சில மணி நேரத்தின் பின்னரே கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற நோவு தோன்றும். செனன் விளக்குகளின் உள்ளே குளிர்ந்த நிலையிலும் வளிமண்டலத்தினும் மிக்க அமுக்கம் உண்டு. அவற்றை மாற்றுவோன் முகக்காப்பும் கையுறையும் அணிதல் கட்டாயமாகும். சில வாயு நிறப்பகுப்புக் கருவிகளின் உணரியில் நிக்கல் 63 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் உள்ளது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 100 ஆண்டுகள். கருவி பழுதாகிக் கழிக்கப்படும் நாளிலும் அஃது ஓய்வதில்லை. அவ்வுணரியைத் திறத்தலும் பழைய இரும்போடு விற்றலும் ஆகா. எமது நாட்டிலே 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இத்தகைய பொருள்களுக்கு ஒழுங்கு வகுத்துள்ளது.

நஞ்சு

கருவியினுள் தேங்குவன யாவற்றுள்ளும் பொறுமை மிக்கது நஞ்சாகும். யேர்மனிய இரசாயன அறிஞர் அல்பிரட்டு சுரொக்கு பல ஆண்டுகளாகத் தலைநோவாலும் மறதியாலும் துன்புற்றார். அவரது வெற்றிடக் கருவிகளிலிருந்த இரசத்தின் ஆவியே அதற்குக் காரணம் எனக் கண்டு, 1926 இல் அதனை உலகுக்கு அறிவித்தார். பழைய அமுக்கமானிகளும் வெப்பமானிகளும் உடைந்த இடங்களில், பலகையின் இடுக்குகளிலே இரசத் துளிகள் இன்றும் ஒளிந்திருக்கக் கூடும். அவற்றைத் துடைப்பத்தாற் பெருக்கினால் துளி பலவாகி ஆவி பெருகும். துளிகளை ஒன்றுசேர்த்து எடுத்து, எஞ்சியதன்மேற் கந்தகப் பொடி தூவி, மூடிய கலத்தில் இடுதல் வேண்டும்.

1996 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், அமெரிக்காவின் தாட்மது கல்லூரிப் பேராசிரியை கரன் வெற்றர்கான், கருக்காந்தப் பரிவுக் கருவிக்கு நியமமாகப் பயன்படும் இருமெதயில் இரசத்தைக் கையாண்டபொழுது, சில துளிகள் அவரது இறப்பர்க் கையுறைமேல் வீழ்ந்தன. அவர் அசட்டையானவர் அல்லர், புகையுறிஞ்சும் அறையிலேயே வேலை செய்தார், கையுறையும் அணிந்திருந்தார். எனினும் அத்திரவம் அக்கையுறையைச் சில கணங்களிலேயே ஊடுருவ வல்லது என்பது பின்னரே சோதித்தறியப்பட்டது. ஐந்து மாதங்களின் பின் நோய் தோன்றியது. 1997 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் காலமானார். கையுறை என்னும் பெயரால் மட்டும் காவல் உண்டாகாது; எப்பொருளுக்கு எக்கையுறை என்பதை அறிதலே காவல் என்பதை அவரது மரணம் உலகுக்கு உணர்த்திற்று.

கழிவுநீர்க் குழாயிலும் ஆபத்து ஒளிந்திருக்கும். குருதிக்கலங்களை எண்ணும் கருவிகளின் கரைசலிற் பழுதுறாமைக்காகச் சோடியம் அசைட்டுச் சேர்க்கப்பட்டதுண்டு. அஃது ஈயக் குழாயோடும் செம்புக் குழாயோடும் கூடி வெடிக்குஞ் சேர்வைகளை உண்டாக்கும். அடைபட்ட குழாயைத் திருத்தப் புகுந்தோர் எதிர்நோக்கும் இவ்வாபத்தைப் பற்றி அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் 1976 இல் எச்சரிக்கை விடுத்தது. குழாய் திருத்துவோன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவன் அல்லன். அவனுக்கு இச்செய்தியை அறிவிப்பது ஆய்வுகூடத்தாரின் கடமையாகும்.

பேணுவோனின் ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து பேணுதலின் ஒழுங்கை நாம் இவ்வாறு தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கருவிநூலிலே எச்சரிக்கைப் பகுதியை வேலைக்கு முன் வாசித்தல். இரண்டாவது, கருவியை உபயோகித்தவரிடம் அதனுட் சென்ற பொருள்கள் யாவை எனக் கேட்டறிந்து, நஞ்சும் நோய்க்கிருமியும் நீங்கக் கழுவுதல். மூன்றாவது, மின், வாயு, நீர் ஆகிய எல்லா வழிகளையும் அடைத்தல். அடைத்த ஆளியிலே பூட்டிட்டு, “வேலை நடைபெறுகின்றது, திறவற்க” என எழுதிய அட்டையைப் பெயரோடு தொங்கவிடுதல். திறவுகோல் வேலை செய்பவனிடமே இருத்தல் வேண்டும். மற்றொருவன் அறியாமையால் ஆளியை இடுதலே பல மரணங்களின் காரணமாகும். நான்காவது, தேங்கிய மின்னை இறக்குதல், அமுக்கத்தைத் தணித்தல், சூடானதை ஆறவிடுதல், சுழல்வது முற்றாக ஓயும்வரை காத்திருத்தல். ஐந்தாவது, வெறுமையாயிற்று என்பதை மானியால் அளந்து உறுதிசெய்தல். ஆறாவது, உயரழுத்த மின்னிலும் நச்சு வாயுவிலும் தனியாக வேலை செய்யாமை. அருகில் நிற்பவன் தலைமையாளி எங்குள்ளது என்பதை அறிந்திருத்தல். ஏழாவது, வேலை முடிந்தபின் அகற்றிய மூடியையும் காப்பாளியையும் மீளப் பொருத்திச் சோதித்து, செய்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல்.

இவ்வேழனுள் இறுதியதையே மக்கள் பெரிதும் மறக்கின்றனர். கருவி இயங்கத் தொடங்கியதும் வேலை முடிந்ததென எண்ணி, எஞ்சிய திருகாணிகளை ஒரு தட்டிலே விட்டுச் செல்கின்றனர். அடுத்த நாள் அதனைத் தொடும் மாணவனுக்கு அம்மூடி இல்லாத இடத்தின் பொருள் விளங்குவதில்லை. தெக்சாசுத் தாங்கியை அடைத்தவனும் தான் செய்ததை எழுதி ஒட்டியிருந்தால் பின்வந்தோர் அறிந்திருப்பர். எழுதாத திருத்தம் பின்வருவோனுக்கு வைத்த கண்ணியாகிவிடும்.

எமது கடன்

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் தாம் கற்ற ஆய்வுகூடங்களை நினைந்து கருவிகளை அன்பளிப்புச் செய்தல் போற்றத்தக்க வழக்கம். ஆயினும் பயன்படுத்தி ஓய்ந்த கருவியொன்று தன் பழைய வாழ்வின் எச்சத்தையும் உடன்கொண்டே வருகின்றது என்பதை அன்பர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு கருவியோடும் மூன்றனை அனுப்புமாறு வேண்டுகின்றோம். அதனுள் முன்னர்ச் சென்ற பொருள்களையும் கழுவிய முறையையும் கூறும் சான்றிதழ் ஒன்று. முழுமையான கருவிநூல் ஒன்று. அதன் ஆபத்துகளையும் அவற்றை நீக்கும் வரிசையையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிய அட்டை ஒன்று. அவ்வட்டையைக் கருவியின் பக்கத்திலேயே ஒட்டிவைத்தல் நன்று. ஆய்வுகூட உதவியாளருட் பலர் ஆங்கிலக் கருவிநூலைப் படித்தறிய வாய்ப்பில்லாதவர்கள். ஆயினும் மூடியைத் திறப்பவர்கள் அவர்களே.

ஆசிரியர்க்கும் ஒன்று கூறுவாம். மாணவனுக்கு அளக்கக் கற்பிக்கும் நாளிலேயே, அளந்து முடிந்தபின் கருவியை வெறுமையாக்கவும் கற்பித்தல் வேண்டும். உருகி எரிந்தால் அதே அளவுடையதை இடவும், ஈரக்கையோடு ஆளியைத் தொடாதிருக்கவும், உடைந்த வெப்பமானியை மறைக்காது ஆசிரியரிடம் சொல்லவும் பழகிய சிறுவனே நாளை பேராய்வுகூடத்தில் உயரழுத்தக் கருவியையும் அஞ்சாது திறப்பான். அவன் அஞ்சாமைக்குக் காரணம் துணிவன்று. உள்ளே தேங்கியிருப்பது யாதென அவன் அறிந்திருத்தலும், அதனை இறக்கிய பின்னரே கைவைத்தலும் ஆகும்.